தேராது தெளிதல்: அளவை நூற் பாடம்



சென்ற இரு பாடங்களில் காட்சி, அனுமானம் என்னும் இரண்டு அளவைகளைப் பயின்றோம். வடமொழியார் பிரமாணம் என்பதைத் தமிழ் நூலோர் அளவை என்றனர். நெல்லை மரக்காலால் அளக்கிறோம். துணியைக் கோலால் அளக்கிறோம். மெய்யை அறிவால் அளக்கிறோம். மரக்கால் ஓட்டையாயின் நெல்லின் கணக்குப் பிழைக்கும். இதுவரை தடையின்றி விளங்கியிருக்கும். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் வினா சற்றே கடினமானது. மரக்கால் ஓட்டையாயிருந்தும், சொன்ன கணக்கு மட்டும் சரியாய் அமைந்துவிட்டால்? அதாவது, ஒருவன் நம்பும் செய்தி உண்மையாகவே இருந்துவிட்டால், அவன் அதை அறிந்தவன் ஆவானா?

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதனைக் கேட்டபோது ஏறத்தாழ எல்லோரும், "ஆம், அறிந்தவனே" என்றனர். நானும் இருபது ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் எண்ணம் மாறிய வகையைச் சொல்ல வேண்டுமாயின் ஆலைக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். நூற்பாலையில் ரிங் பிரேம் பகுதியில் வேலை. ஆலையின் பின்புறம் எங்கள் வரிசை வீடுகள் நாற்பது இருந்தன. அவ்வரிசையில் யார் குடியிருந்தனர் என்பதை உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் பண்டக அறையிலிருந்து பித்தளைச் சாமான்கள் காணாமற் போயின. செய்தி வந்த நாழிகையிலேயே எங்கள் பகுதி மேஸ்திரி, யாரையும் விசாரியாமல், எதையும் பாராமல், "வரிசை வீட்டுக்காரன் வேலைதான் இது. வேறு யார் செய்வார்?" என்றார். அன்று மாலை ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும், வாயிலில் எங்கள் தூக்குப் பாத்திரங்கள் மட்டும் திறந்து பார்க்கப்பட்டன. பிறர் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தனர்.

மூன்றாம் நாள் பித்தளை அகப்பட்டது. எங்கள் வரிசையிலேயே, ஒரு வீட்டுக் கூரையிடையில் இருந்தது. பழைய இரும்புக் கடைக்காரன் ஒருவன் துப்புக் கொடுத்தான். எடுத்தவன் எங்களவன்தான், ஒப்புக்கொண்டான்.

மேஸ்திரி அன்று நடந்த நடையை நான் இன்றும் மறக்கவில்லை. "நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா?" என்று ஒவ்வொரு பிரேமாக நின்று கேட்டார். என்னிடத்தும் கேட்டார். "சொன்னீர்கள், ஐயா" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் சொன்னது உண்மையாகிவிட்டதே! உள்ளம் மட்டும் ஏதோ தவறு, ஏதோ தவறு என்று அடித்துக்கொண்டது. எது தவறு என்று எடுத்துக் காட்ட எனக்குச் சொல் இல்லை. சொல் இல்லாதவனுக்கு வழக்கும் இல்லை.

அந்தச் சொல் தமிழிலேயே இருந்தது. மணிமேகலை நூலில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை என்றொரு பகுதி உண்டு. அதில் அளவைவாதி, அளவைகளை எண்ணியபின், அளவை போலத் தோன்றி அளவையாகாத எட்டுப் போலிகளையும் எண்ணுகின்றான். அவ்வெட்டனுள் ஒன்று ‘தேராது தெளிதல்.’ ஆராயாமலே உறுதி கொள்ளுதல் என்பது பொருள். ஐயம் என்பதும் அவ்வெட்டனுள் ஒன்று. ஐயுறுவோன் இதுவோ அதுவோ எனத் தடுமாறுகின்றான். தேராது தெளிபவனோ தடுமாற வேண்டிய இடத்தில் தடுமாறாமற் போகின்றான். அதற்கு நூல் தரும் எடுத்துக்காட்டு, வெட்டவெளியில் நட்டிருக்கும் தறியொன்றை ஆராயாது மனிதன் என்று கொள்வது. (தறி என்றதும் எனக்கு நெசவுத் தறிதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆலைக்காரன் படிக்கும் படிப்பு அப்படித்தான் இருக்கும்! இங்கே தறி என்பது நட்ட கம்பம்.)

அந்த எடுத்துக்காட்டில் தெளிந்தவன் தோற்றுப்போகிறான். கம்பத்தை மனிதன் என்றான். கிட்டப் போனால் கம்பம். பிழை வெளிப்பட்டுவிடும். எங்கள் மேஸ்திரியின் செய்தி அதனினும் சிக்கலானது. அந்தக் கம்பத்துக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு மனிதன் ஒளிந்து நின்றிருந்தால்? "அதோ ஒரு மனிதன் நிற்கிறான்" என்றவன் சொல் மெய்யாகிவிடும். அவன் கண்டதோ கம்பம். இவனை அறிந்தவன் என்பதா, அறியாதவன் என்பதா?

இவ்வினாவைப் பவுத்த ஆசிரியர் ஒருவர் எட்டாம் நூற்றாண்டிலேயே எழுப்பினார். அவர் பெயர் தருமோத்தரர், காசுமீரத்தில் வாழ்ந்தவர். அவருக்கு முன்னே இக்கல்வியைப் பெருக்கியவர் இருவர். ஒருவர் தின்னாகர். அவர் காஞ்சிக்கு அண்மையில் பிறந்தவர் என்று திபெத்திய வரலாற்று நூல்கள் கூறும். மற்றவர் தருமகீர்த்தி, அவரையும் அந்நூல்கள் தென்னாட்டவர் என்றே சொல்லும். தருமகீர்த்தி அளவை என்பதற்கு இலக்கணம் சொல்லும்போது, ஏமாற்றாத அறிவு என்றார். நீர் உண்டென்று அறிவு சொல்லிற்று, போனோம், நீர் இருந்தது. அறிவு நம்மை ஏமாற்றவில்லை. அன்றாட வாழ்வுக்கு மிகப் பொருத்தமான இலக்கணம் இது. ஆனால் இதில் ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தைக் கண்டு, அதில் தம் விரலை வைத்தவர் தருமோத்தரர். தருமகீர்த்தியின் பிரமாண விநிச்சயம் என்னும் நூலுக்கு அவர் இயற்றிய உரை நெடுங்காலம் திபெத்திய மொழிபெயர்ப்பின் வழியாகவே அறியப்பட்டிருந்தது. அதில் இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுகிறார். அவற்றை என் சொல்லில் தருகிறேன்.

ஒருவன் இறைச்சி வாட்டுவதற்காக நெருப்பு மூட்டுகிறான். நெருப்பு இப்போதுதான் பற்றியது. புகை இன்னும் எழவில்லை. இறைச்சியின் நாற்றத்துக்கு ஈக்கள் மொய்த்துக் கரிய திரளாய் மேலெழுகின்றன. தொலைவில் நிற்பவன் அத்திரளைப் பார்த்துப் புகை என்று மயங்கி, "அங்கே நெருப்பு எரிகிறது" என்று துணிகின்றான். நெருப்பு உண்மையில் எரிகின்றது.

மற்றொன்று. பாலை வழியே நாவறண்டு நடக்கும் ஒருவன் மேட்டின்மேல் ஏறிக் கீழே பள்ளத்தை நோக்குகிறான். நீர் பளபளக்கக் காண்கிறான். அது கானல். ஓடுகிறான். அவன் கண்ட அதே இடத்தில், ஒரு பாறையின் அடியில், மேட்டிலிருந்து எவர் கண்ணுக்கும் புலப்படாதபடி, உண்மையான நீர் இருக்கிறது. குடிக்கிறான்.

இருவர் நம்பியதும் மெய். இருவரும் அறிவால் ஏமாற்றப்பட்டாரில்லை; போன இடத்தில் பொருள் இருந்தது. ஆயினும் இருவரும் அறிந்தாரல்லர் என்பது தருமோத்தரர் துணிபு. என்னை? முதலாமவன் காரணமாகக் கொண்ட புகை அங்கே இல்லவே இல்லை. இரண்டாமவன் கண்டது நீரை அன்று. நீர் போன்ற ஒளியை. நம்பிக்கை ஒரு வழியே வந்தது, உண்மை வேறொரு வழியே வந்தது, இரண்டும் தற்செயலாய் ஓரிடத்தில் முட்டிக்கொண்டன. முட்டிக்கொண்டதை அறிவு என்று சொல்லலாகாது.

இதனை நான் முதன்முதலாக வாசித்த இரவு உறங்கவில்லை. எங்கள் மேஸ்திரிக்கு நான் தரவேண்டியிருந்த மறுமொழி இருபது ஆண்டுகளுக்குப் பின் கையில் கிடைத்தது. கேட்பதற்கு அவர் இல்லை, ஆலையும் இல்லை.

மேனாட்டாரிடையிலும் இந்த ஆராய்ச்சி உண்டு. கிரேக்க நாட்டுப் பிளேட்டோ தம் நூலொன்றில் நீதிமன்றத்தை எடுத்துக்காட்டுகிறார். கொள்ளை நடந்தபோது அங்கே இல்லாத நடுவர்கள், நாவன்மை மிக்கவர் பேச்சில் மயங்கித் தீர்ப்பளிக்கிறார்கள்; தீர்ப்புச் சரியாகவே அமைகிறது. ஆயினும் அவர்களிடம் இருந்தது சரியான எண்ணமேயன்றி அறிவன்று என்கிறார். அதன்பின் மேனாட்டுப் புலவர் பலர், மெய்யான நம்பிக்கையோடு தக்க காரணமும் சேர்ந்தால் அறிவாகும் என்று அமைதி கொண்டனர். 1963-ஆம் ஆண்டில் எட்மண்ட் கெட்டியர் என்னும் அமெரிக்க ஆசிரியர் மூன்றே பக்கங்களில் ஒரு கட்டுரை வெளியிட்டு அந்த அமைதியைக் கலைத்தார். ஒரு வேலைக்கு இருவர் மனுச் செய்கின்றனர். வேலை மற்றவனுக்கே என்று முதலாமவன் நல்ல காரணத்தோடு நம்புகிறான். மற்றவன் சட்டைப்பையில் பத்து நாணயங்கள் இருப்பதையும் எண்ணியிருக்கிறான். ஆகவே, "வேலை பெறப்போகிறவன் பையில் பத்து நாணயங்கள் உள்ளன" என்று முடிவு கட்டுகிறான். வேலை இவனுக்கே கிடைக்கிறது. இவன் பையிலும், இவனுக்கே தெரியாமல், பத்து நாணயங்கள் இருந்தன! சொன்னது மெய், காரணமும் உண்டு, ஆயினும் அறிந்தானா? அந்த மூன்று பக்கங்களுக்கு மறுமொழி எழுதியோர் தொகை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. கானல் நீரும் ஈக்கூட்டமும் அதற்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னமே நம் முன்னோர் ஏட்டில் இருந்தன என்பதை நம் பிள்ளைகள் கல்லூரியில் துணிந்து சொல்லலாம்.

பெருமை நிற்க. பெருமை அடிப்பதற்கு இப்பாடம் எழுதவில்லை.

மேஸ்திரியின் அனுமானத்தை நூல் முறைப்படி அறுத்துப் பார்ப்போம். மணிமேகலைக்கு அறவண அடிகள் தருமம் உரைக்கும் காதையில் மலையும் நெருப்பும் வரும். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய செய்தி. புகையுடைமையால் என்பது ஏது. அடுக்களைபோல் என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இந்த ஏது செல்லுபடியாக வேண்டுமாயின் மூன்று இடங்களில் சோதிக்க வேண்டும். புகை மெய்யாகவே மலையில் இருக்கிறதா? நெருப்புள்ள அடுக்களை போன்ற இடத்தில், அதாவது சபக்கத்தில், அது காணப்படுகிறதா? நெருப்பில்லாத குளம் போன்ற இடத்தில், அதாவது விபக்கத்தில், அது காணப்படாமல் இருக்கிறதா? மூன்றும் ஒத்தால்தான் ஏது. ஒன்று குறைந்தாலும் ஏதுப்போலி.

ஈக்கூட்டத்தைக் கண்டவன் முதல் சோதனையிலேயே விழுந்தான். அங்கே புகை இல்லை. இதனை அசித்தம் என்பர். கானலைக் கண்டவன் செய்தது அனுமானமே அன்று, காட்சியே பழுது. தின்னாகர் காட்சியைக் கற்பனை கலவாதது என்றார். அது போதாதென்று கண்ட தருமகீர்த்தி, மயக்கமற்றது என்னும் சொல்லையும் சேர்த்தார். இந்த ஒரு சொல்லுக்குள் கானல் அகப்பட்டுக்கொள்கிறது.

மேஸ்திரியோ முதல் இரண்டு சோதனைகளிலும் தேறிவிடுவார். எடுத்தவன் வரிசை வீட்டுக்காரன் என்னும் அடையாளம் அங்கே இருந்தது மெய்தான். அதற்கு முன்னும் எப்போதோ அவ்வரிசையில் ஒருவன் எதையோ எடுத்திருக்கலாம். மூன்றாம் சோதனைக்கு வாருங்கள். ஆலைப் பொருளில் ஓர் ஆணியையும் தொடாத எத்தனையோ குடும்பங்கள் அதே வரிசையில் இருந்தன. என் அன்னையார் இருந்தார்கள். அடையாளம் அவர்களிடத்தும் இருந்தது, களவு இல்லை. நெருப்பில்லாத குளத்திலும் புகை! இவ்வாறு இருபாலும் திரியும் ஏதுவை அநைகாந்திகம் என்பர். எத்தனை முறை அது பலித்தாலும் அநைகாந்திகம் அநைகாந்திகமே.

தருமகீர்த்தி இன்னும் ஓர் அடி ஆழமாகப் போகிறார். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அறிய வேண்டுமாயின் அவ்விரண்டுக்கும் இயல்பான பிணிப்பு வேண்டும் என்கிறார். அப்பிணிப்பு இரண்டே வகை. ஒன்று, அதிலிருந்து இது பிறத்தல். நெருப்பிலிருந்து புகை பிறக்கிறது. மற்றொன்று, இதுவே அதுவாக இருத்தல். வேம்பு என்றாலே மரம். இவ்விரண்டும் இல்லாமல், ‘பலமுறை சேர்ந்தே பார்த்தேன்’ என்பது மட்டும் போதாது. குறிப்பிட்ட தெருவில் பிறப்பதிலிருந்து களவு பிறக்கிறதா? அத்தெருவில் பிறத்தலே களவாக இருக்கிறதா? இரண்டும் இல்லையெனில் பிணிப்பு எங்கே? பிறப்பைக் கொண்டு குணத்தை அளக்கும் நாட்டில் இந்த ஒரு வினா செய்யும் வேலையை ஆயிரம் மேடைப்பேச்சுகள் செய்யா என்பது என் எண்ணம்.

"அவர் சொன்னது பலித்ததே, போதாதா?" என்று வகுப்பில் ஒரு தம்பி விடாமல் கேட்டான். பன்னிரண்டாம் நூற்றாண்டு வேதாந்தப் புலவர் சிரீகர்சர் இதற்கொரு வேடிக்கை சொல்கிறார். (மாற்றுச் சமயத்தார் என்றாலும் நல்ல எடுத்துக்காட்டை எங்கிருந்தும் எடுத்துக்கொள்வோம்.) மூடிய கையில் எத்தனை சோழி என்று ஒருவன் கேட்கிறான், மற்றவன் வாய்க்கு வந்தபடி ஐந்து என்கிறான், திறந்தால் ஐந்து. அவன் சோழியை அறிந்தானா? அந்தத் தம்பி சிரித்துவிட்டான். பின்னர், "இதனால் என்ன கெடுதி? மெய் மெய்தானே?" என்றான். இந்த வினாவுக்காகவே இப்பாடத்தை எழுத வேண்டும் என்று தோன்றிற்று.

கெடுதி இதுதான். நம்பிக்கை பொய்த்துப்போனால் நம்பினவன் நின்று யோசிக்கிறான். கம்பத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தவன் மறுமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பான். ஆனால் ஓட்டை மரக்கால் ஒருமுறை சரியான கணக்கைக் காட்டிவிட்டதானால், அதனை எவரும் தச்சனிடம் கொண்டுபோகமாட்டார். எங்கள் ஆலையில் நடந்தது அது. அன்று பித்தளை வேறொரு வீட்டில் அகப்பட்டிருந்தால் மேஸ்திரி ஒரு வாரமாவது வாய் திறந்திரார். எங்கள் வரிசையில் அகப்பட்டது. ஆகவே அவர் பேச்சே அளவையாகிவிட்டது. அதன்பின் ஆலை மூடும்வரை, எது காணாமற் போனாலும், யார் எடுத்தாலும், சங்கு ஊதியதும் திறக்கப்பட்டவை எங்கள் தூக்குப் பாத்திரங்களே. மூன்று முறை வேறு ஆட்கள் பிடிபட்டனர். அதனை எவரும் எண்ணவில்லை. பலித்த ஒரு முறை மட்டும் எல்லோர் நினைவிலும் நின்றது. சுவரிலே நின்றுபோன கடிகாரமும் நாளைக்கு இருமுறை சரியான நேரம் காட்டும். அந்நேரத்தில் நிமிர்ந்து பார்த்தவன் கடிகாரம் ஓடுகிறதென்றே நம்பிச் செல்வான். 1948-இல் வெளிவந்த தம் நூலில் பெர்ட்ரண்டு ரசல் இத்தகைய கடிகாரத்தைக் கூறுகிறார். ரசல் அறிஞர்; எங்கள் பகுதிக் கடிகாரமும் நின்றுதான் இருந்தது, அது எங்களுக்கு அவர் சொல்லாமலே தெரியும்.

இதுவரை மேஸ்திரியை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டோம். இனி நம்மை நிறுத்திக்கொள்வோம்.

மச்சிம நிகாயத்தின் தொண்ணூற்றைந்தாம் சூத்திரமாகிய சங்கி சூத்திரத்தில், பதினாறு வயதுப் பிராமண இளைஞன் ஒருவன், காபதிகன் என்பான், பகவானிடம் வந்து, தங்கள் மறைவழி வந்ததே மெய், மற்றவை பொய் என்று தம்மவர் முடிவு கட்டியிருப்பதைச் சொல்லி, "இதற்குத் தாங்கள் என்ன கூறுகிறீர்கள்?" என்று கேட்கிறான். உங்களுள் ஒருவரேனும், உங்கள் ஆசிரியருள் ஒருவரேனும், ‘இதனை நான் அறிவேன், நான் கண்டேன்’ என்று சொன்னதுண்டா என்று பகவான் வினவுகிறார். இல்லை என்கிறான். ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நடக்கும் குருடர் வரிசையை அப்போது உவமை காட்டுகிறார். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நமக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! அவர் நிறுத்தவில்லை. சிரத்தை, விருப்பம், கேள்வி வழி, காரண ஆராய்ச்சி, ஒரு கொள்கை மனத்துக்கு ஒத்துப்போதல் ஆகிய ஐந்தும் இருபாலும் முடியக்கூடியவை என்கிறார். முழு நம்பிக்கையோடு பற்றியது வெறுமையாகவும் பொய்யாகவும் முடியலாம். நம்பாமல் விட்டது மெய்யாகவும் முடியலாம். ஆகவே மெய்யைக் காக்க விரும்புவோன், ‘இது என் சிரத்தை’ என்று சொல்லும் அளவில் நிற்கட்டும். ‘இதுவே மெய், வேறெல்லாம் பொய்’ என்னும் முடிவுக்குத் தாவாதிருக்கட்டும் என்கிறார்.

இருபாலும் முடியக்கூடியவை! சிரத்தையை முதலில் வைத்து எண்ணியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். கேசபுத்த நகரத்துக் காலாமருக்கு உரைத்த சூத்திரத்தில், ‘இந்தச் சமணர் நம் ஆசிரியர்’ என்னும் காரணத்தாலும் ஏற்க வேண்டா என்று சொல்லியிருப்பதும் உங்களுக்குத் தெரியும். அதனை நாம் மாற்றாரைச் சாடவே மேடைதோறும் எடுத்தாளுகிறோம். அது முதலில் கேட்பவனாகிய நம்மை நோக்கிய சொல்.

என் கதையையே சொல்கிறேன். நான் திரிசரணம் ஏற்றது ஒரு கூட்டத்தில் கேட்ட பேச்சினால். பேசியவர், எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றைக் குறிப்பிட்டு, அது முன்னாளில் விகாரையாயிருந்தது, அங்கே நம் பாட்டன்மார் பூசை செய்தனர் என்றார். உடல் சிலிர்த்தது. அடுத்த மாதமே பஞ்சசீலம் எடுத்துக்கொண்டேன். பல ஆண்டு கழித்து, சொந்தமாக நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அந்தக் கோயிலைப் பற்றி அவர் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று கண்டேன். கல்வெட்டு இல்லை, சிலை இல்லை, அவருக்கு வேறொருவர் சொன்னதாம். பிற ஊர்களில் அத்தகைய சான்றுகள் உண்டு. அந்த இடத்தில் இல்லை.

அன்று எனக்கு வந்த கலக்கத்தை மறைக்கமாட்டேன். நான் வந்த வழி கானல். அப்படியானால் வந்த இடமும் கானலா? பாலையில் நடந்தவனைப் பாருங்கள். கானலை நம்பி ஓடினான் என்பதால் பாறையடி நீர் வற்றிவிடவில்லை. ஆனால் அவன் மேட்டின்மேல் நின்று, "நான் நீரை அறிந்தே ஓடினேன்" என்று இன்னும் நான்கு பேருக்குச் சொல்வானாயின் அது பொய். அவர்கள் வேறொரு பள்ளத்தில் கானலைக் கண்டு ஓடிச் சாவர். ஆகவே நான் செய்யக்கூடியது ஒன்றே இருந்தது. சீலத்தை விடாமல், அதற்கு வேறு காரணம் தேடினேன். சினத்தோடு படுத்த இரவும் சினமின்றிப் படுத்த இரவும் எப்படிக் கழிகின்றன என்று என்னையே பார்த்தேன். பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டென்பதற்குப் பிணிப்பு இருக்கிறதா என்று மேலே சொன்ன முறையில் சோதித்தேன். இவை என் காட்சியும் என் அனுமானமும். அந்தக் கோயில் கதையை அதன்பின் எந்த மேடையிலும் நான் சொல்லவில்லை. சொன்னால் கைதட்டல் கிடைக்கும் என்று அறிந்தே சொல்லவில்லை. சங்கத்தில் சிலருக்கு இதனால் என்மேல் மனத்தாங்கல் உண்டு, இருக்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். இவற்றைக் கேட்டதும் இளைஞர் சிலர், "இனி எவர் சொல்லையும் நம்பமாட்டேன், நானே கண்டால்தான் உண்டு" என்று துள்ளுவர். அது வேறொரு மடமை. நீ பிறந்த நாளை யார் சொல்லி அறிந்தாய்? மருத்துவர் தரும் மாத்திரையை ஆய்வுக்கூடம் கட்டி ஆராய்ந்தா விழுங்குகிறாய்? தின்னாகர் பிறர் சொல்லைத் தனி அளவையாக ஒப்பவில்லை, தள்ளிவிடவும் இல்லை. அதனை அனுமானத்துக்குள் அடக்கினார். சொன்னவர் அச்செய்தியை அறியும் இடத்தில் இருந்தாரா, பொய் சொல்லக் காரணம் உண்டா, முன்பு சொன்னவை எப்படி முடிந்தன என்னும் இவற்றையெல்லாம் ஏதுவாகக் கொண்டே ஒரு சொல்லை ஏற்கிறோம். கோயில் கதை சொன்னவர் நல்லவர், நம்மவர். ஆனால் அதனை அறியும் இடத்தில் அவர் இருந்தாரில்லை. நல்லவர் என்பதும் நம்மவர் என்பதும் வேறு. அறிந்தவர் என்பது வேறு. இதனை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தெரியவில்லை.

பாடம் முடிந்தபின், எப்போதும் பின்வரிசையில் அமரும் எழுபது வயது மூதாட்டியார் ஒருவர் கையை உயர்த்தினார். எழுத்தறியாதவர்; ஆனால் ஒரு ஞாயிறும் தவறாதவர்.

"தம்பி, அந்தத் தண்ணீர் குடித்தவன் கதை. அவனுக்குத் தாகம் தீர்ந்ததா இல்லையா?"

"தீர்ந்தது, அம்மா. ஆனால் நாளைக்கும் கானலைக் கண்டால் ஓடுவானே, அதற்காகத்தான் அவன் அறிந்தவனல்லன் என்கிறார் தருமோத்தரர்."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணீர் பாறைக்குக் கீழே இருந்தது என்றாயே. அப்போது அவன் குனிந்து, கையால் துழாவித்தானே குடித்திருப்பான்? மேட்டில் கண்டது இது இல்லை என்று அந்த இடத்திலேயே அவனுக்குத் தெரிந்திருக்காதா?" என்றார்.

நான் இதனை எண்ணியதில்லை. குடிக்கும் கணத்தில் அவனுக்கு நீரைப் பற்றிய காட்சி புதிதாகப் பிறந்துவிடுகிறது, அது கானலன்று. மேட்டில் நின்றபோது அறியாதவன், பாறையடியில் அறிந்தவன். அப்படியாயின் அவன் திரும்பி மேட்டை நோக்குவானா, நோக்கமாட்டானா என்பதே எஞ்சிய வினா. எங்கள் மேஸ்திரிக்கும் கூரையிடையில் பித்தளையைக் கண்ட அந்த நேரம் வாய்த்தது. அவர் நோக்கவில்லை.

அம்மையாரிடம் அடுத்த வாரம் மறுமொழி சொல்வதாகக் கூறியிருக்கிறேன். இதனை வாசிக்கும் உபாசகர் எவருக்கேனும் தோன்றுவது உண்டாயின் வகுப்புக்கு வந்து சொல்லலாம்.